இரண்டரை வட்டத்துப் புழு

என் ரத்தத்தில் யானைக்கால் புழு இருப்பதாக ஒரு மனிதர் எழுதி, அதற்குக் கீழே ஒரு டாக்டர் கையெழுத்தும் போட்ட காகிதம் இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது. எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரண்டு காலும் முருங்கைக்காய் மாதிரி ஒல்லியாகத்தான் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நான் வாயாடி. ஊரார் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். "ஏட்டி, உனக்குக் கடவுள் நாக்கைக் குடுத்தாரா, அரிவாளைக் குடுத்தாரா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எதைக் கொடுத்தாரோ, அது இல்லாமல் போயிருந்தால் நானும் ஒரு மாட்டுத்தொழுவத்தில் தனித்தட்டில் சோறு தின்று கிடந்திருப்பேன். யாருடைய தொழுவம் என்பதை இனிச் சொல்கிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு அது. எனக்குப் பத்தொன்பது வயது. ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் ஷெட்டில் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வண்டி வண்டியாகப் பருத்தி வந்து இறங்கும். நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சருகு, கறைபட்ட பஞ்சு, சொத்தை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்லதைக் கொட்டை பிரிக்கிற மிஷினுக்கு அனுப்புவோம். மேஸ்திரி கோபம் வந்தால் தெலுங்கில் ஏசுவார், கோபம் தணிந்தால் தமிழுக்கு வந்துவிடுவார். மிஷின் ஓட ஆரம்பித்தால் ஷெட் முழுக்கப் பஞ்சுத்தூசி பறக்கும். புருவத்தில், காதில், கொண்டையில், மூக்குத்தி இடுக்கில் எல்லாம் வெள்ளை. சாயங்காலம் தெருவில் நடந்தால், "ஏலே, வெள்ளைக்காரிய வாராளுவ!" என்று பையன்கள் கத்துவார்கள். எத்தனை தடவை தலை முழுகினாலும் ஒரு இழையாவது எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பஞ்சு வாங்க வரும் தரகர்கள் ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கை விரல்களிலும் பிடித்து, இழுத்து இழுத்து இழைகளை நேராக்கிப் பெருவிரல் நகத்தின் மேல் படுக்க வைப்பார்கள். நகத்தைத் தாண்டி எம்புட்டு நீள்கிறது என்று பார்த்து, இது கருங்கண்ணி ரகம், இது கம்போடியா ரகம், இது முதல் தரம், இது கழிவு என்று சொல்லிவிடுவார்கள். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அந்தக் கை வந்துவிட்டது. பெரிது என்றாலும் சிறிது என்றாலும், பக்கத்தில் தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது. எங்கள் ஷெட்டில் அது சட்டம்.

எனக்கு அடுத்து உட்கார்ந்து பொறுக்கியவள் சோழபுரத்துக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அதனால் அக்கா என்பேன். ராஜபாளையத்தில் வாக்கப்பட்டு வந்தவள். ஒரு பெண்குழந்தை. அக்கா சிரித்தால் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்து, ரத்தத்தில் யானைக்கால் புழு என்று காகிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

அவ்வளவுதான். தொட்டால் ஒட்டும், துணி பட்டால் ஒட்டும் என்று தெருவே பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமியார்க்காரி ஒரு பாயையும் ஒரு அலுமினியத் தட்டையும் கொடுத்து அவளைச் சோழபுரத்துக்கு அனுப்பிவிட்டாள். குழந்தையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சோழபுரத்தில் பெற்ற தகப்பனே மாட்டுத்தொழுவத்தின் ஓரமாகத்தான் அவளுக்கு இடம் ஒதுக்கினார். இரண்டு வருஷம். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை, கால் ஒரு நூல்கூட வீங்கவில்லை. அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, காகிதம்தான் பட்டது.

நான் ஒரு தடவைகூட அவளைப் போய்ப் பார்க்கவில்லை. பயம். வீரம் பேச வந்தவள் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே தங்கி நர்ஸ் வேலை பழக இரண்டு பெண்கள் தேவை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் அறிவித்தார்கள். மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். அம்மாவை நச்சரித்து மனுப் போட்டேன். டாக்டரம்மா நேரில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டுவிட்டுச் சரி என்றார். பாக்கி இருந்தது ரத்தப் பரிசோதனை மட்டும். ஒரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, தலையைத் தட்டி உதறிக்கொண்டு ரயிலேறிப் போய் விரலை நீட்டினேன். பதினொரு மணி இருக்கும். மூன்றாம் நாள் வரச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அம்மாவும் கூட வந்தாள். நான் நர்ஸாகச் சேருவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, ரத்தம் பார்க்கிற அறைக்குப் போனேன்.

அங்கே இருந்தவரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் மைக்ராஸ்கோப்பு அய்யா என்றார்கள். கம்பவுண்டராக இருந்தவர். மதுரையில் மூன்று மாதம் மைக்ராஸ்கோப்புப் பழகி வந்த பிறகு கம்பவுண்டர் என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"உனக்கு இங்க வேலை கிடையாதும்மா. ரத்தத்துல புழு இருக்கு. யானைக்கால் புழு."

"காலு வீங்கலையே அய்யா."

"இப்ப வீங்காது. பத்து வருஷம் கழிச்சு வீங்கும். ராஜபாளையத்துப் பஞ்சுப்பேட்டை ஆளுகளுக்கு இது ஜாஸ்தி. வேற ஊர்க்காரங்களுக்கு இம்புட்டு இல்ல. நான்தான் கண்டுபிடிச்சேன். மெட்ராஸுக்கு எழுதப் போறேன்."

அக்காவின் பாயும் தட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன. இந்தக் காகிதத்தோடு ரயிலேறினால் நாளைக்கே எங்கள் தெருவில் என் பாயும் தனியாகிவிடும். ஆண்டவரே, ஆண்டவரே என்று மனசுக்குள் இரண்டு தடவை சொன்னேன். ஆனால் எனக்குப் பயமும் கோபமும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பிறந்த கையோடு அடுத்தது வந்துவிடும்.

"எங்க, அந்தப் புழுவைக் காட்டுங்க."

அவர் சிரித்தார். "காட்டினா உனக்கு என்னட்டி தெரியும்?"

"என் ரத்தம்தான அய்யா? நான் பாக்கக் கூடாதா?"

"போ, போ. வேலை கிடக்கு."

நான் போகவில்லை. அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். அவர் வெளியே போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு பொம்பளைப் பிள்ளையைத் தாண்டிப் போகிற துணிச்சல் அவருக்கு இல்லை. செத்த நேரம் பார்த்தார். பொறவு, சனியன் தொலைந்தால் சரி என்று ஒரு மரப்பெட்டியைத் திறந்து என் ரத்தம் தடவிய கண்ணாடியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தேன். வட்டமான வெளிச்சம். அதற்குள் இளஞ்சிவப்பாகப் பொடி மணல் தூவின மாதிரி. நடுவில் நீலம் பாய்ந்த ஒரு நெளிவு.

"பாத்தியா? அதான்."

"அந்த மணல் மாதிரி இருக்கிறது என்ன அய்யா?"

"ரத்தத்துல உள்ள சிவப்பணு. எல்லாருக்கும் உள்ளது. ஒவ்வொண்ணும் ஒரு வட்டம்."

"அப்ப இந்தப் புழு எம்புட்டுப் பெருசு?"

"கண்ணுக்குத் தெரியாத அளவு."

"அது ஒரு அளவா? கண்ணுக்குத் தெரியாததுலயும் பெருசு சிறுசு உண்டுல்லா? உங்க புஸ்தகத்துல புழு எம்புட்டு அகலம்னு போட்டிருக்கும். இது எம்புட்டு அகலம்னு அளந்து காட்டுங்க. அளக்காமலா பேரு வச்சீய?"

"ஏய்! நான் மூணு மாசம் படிச்சவன். நீ பஞ்சு பொறுக்குறவ!"

"பஞ்சு பொறுக்குறவதான். ஒரு இழையை நகத்துல வச்சுப் பாக்காம இது இன்ன பஞ்சுன்னு நாங்க சொல்ல மாட்டோம். நீங்க ஒரு மனுசியோட பொழப்பை அளக்காம எழுதுதீய!"

இதை நான் மெதுவாகச் சொல்லவில்லை. வராந்தாவில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அம்மா ஓடி வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பின்னாலேயே டாக்டரம்மா வந்தார்.

பாளையங்கோட்டைப் பக்கத்து அம்மா அவர். நல்ல உயரம். காலையிலிருந்து மதியம் வரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே, நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நடப்பார். "இது என்ன ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா?" என்று கேட்டார்.

மைக்ராஸ்கோப்பு அய்யா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன். புழு இருந்தால் போய்விடுகிறேன், ஆனால் அளந்து காட்டினால்தான் போவேன் என்றேன். டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டு மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இது சின்ன லென்ஸ். நூறு மடங்குதான் காட்டும். பெரிய லென்ஸ்ல பாத்தீங்களா?" என்று அவரிடம் கேட்டார்.

"சின்னதுலயே நல்லா நெளியுதுங்களே அம்மா..."

"ரத்தம் எப்ப எடுத்தீங்க?"

"பகல் பதினொரு மணி."

"இந்தப் புழு ராத்திரியிலதான் ரத்தத்துல ஓடும். பகல்ல தேடினாலும் கிடைக்காது. உங்களுக்குச் சொல்லிக் குடுக்கலையா?"

அவர் சுவரைப் பார்த்தார். டாக்டரம்மா பெரிய லென்ஸைத் திருப்பினார். நானூறு மடங்கு என்றார். திருகைத் திருகித் திருகி வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து, "நீயே பாரு" என்றார்.

பார்த்தேன். மணல் போய்விட்டது. இப்போது தட்டுத் தட்டாக வட்டங்கள், நடுவில் கொஞ்சம் வெளுத்து, ஒன்றைப் போல ஒன்று. அவற்றுக்கு நடுவே அந்த நெளிவு புழுவாக இல்லை. தட்டையான ஒரு நாடா. அங்கங்கே முறுக்கி முறுக்கித் திரும்பியிருந்தது. வெளிச்சத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போனது. தலையும் இல்லை, வாலும் இல்லை. அதற்கு முன் நான் அதை அம்புட்டுப் பெரிதாகப் பார்த்ததே கிடையாது. ஆனால் அந்த முறுக்கு என் விரலுக்குத் தெரியும். நாலு வருஷமாக விரலுக்குள் முறுக்கிக்கொண்டிருப்பது அதுதானே.

"டாக்டரம்மா, இது பஞ்சு!"

மைக்ராஸ்கோப்பு அய்யா "சே!" என்றார். நான் கொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவினேன். இருக்கும் என்று தெரியும், எப்போதும் இருக்கும். ஒரு இழை அகப்பட்டது. "இதை வையுங்க" என்று நீட்டினேன்.

டாக்டரம்மா சுத்தமான கண்ணாடி ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, என் தலையில் இருந்த இழையைப் போட்டுப் பார்த்தார். எனக்கும் காட்டினார். அதே நாடா. அதே முறுக்கு. ரத்தத்துக்குப் போட்ட நீலச் சாயம் மட்டும் இல்லை.

பிறகு என் ரத்தக் கண்ணாடியைத் திரும்ப வைத்து, புத்தகத்தை விரித்துப் படித்தார். புழுவின் அகலம் ஏறக்குறைய ஒரு சிவப்பணு. நீளம், வரிசையாக வைத்தால் முப்பத்தைந்து நாற்பது அணு. பெரிய லென்ஸில் பார்த்தாலும் முழுசாக அந்த வெளிச்ச வட்டத்துக்குள் அடங்கிவிடும். படித்துவிட்டு லென்ஸில் கண்ணை வைத்து, சின்னப் பிள்ளை எண்ணுவது போல வாய்விட்டு எண்ணினார்.

"குறுக்கே ஒண்ணு... ரெண்டு... ரெண்டரை. ரெண்டரை வட்டம். முனையே காணோம்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்த மனிதர் அரளக்கூட இல்லை, ஆசைப்பட்டிருக்கிறார். ஜின்னிங் ஷெட் ஆட்கள் விரலை நீட்டும்போது தலையிலிருந்தும் கையிலிருந்தும் ஈர ரத்தத்தில் இழை விழுந்திருக்கிறது. மற்றவர்களுக்கு விழவில்லை. அதைத்தான் மெட்ராஸுக்கு எழுதப் போனார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னவர் ஒருத்தர், நம்பிக் கையெழுத்துப் போட்டவர் இன்னொருத்தர்.

டாக்டரம்மா புதுக் காகிதம் எழுதினார். நல்ல ஆரோக்கியம், வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "அந்தப் பழைய காகிதத்தைக் குடு, கிழிச்சிருவோம்" என்று கையை நீட்டினார். முகம் வாடியிருந்தது. நல்லவர்தான். இதோடு முடிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்.

நான் கொடுக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சோழபுரத்துக்காரி ஒருத்திக்கும் இதே காகிதம் குடுத்தீய. ரெண்டு வருஷம் ஆச்சு. எங்க ஷெட்டுதான். அந்தக் கண்ணாடியையும் அளங்க."

"அதைப் பொறவு பாத்துக்கலாம். நீ முதல்ல சேந்துக்கோ."

"அளந்தாத்தான் சேருவேன்."

அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "ஏட்டி, வாயை மூடுதியா இல்லையா? கிடைச்சதையும் கெடுத்துக்காத!"

டாக்டரம்மாவின் குரல் மாறியது. "என்னைய மிரட்டுதியா?"

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்ல? மிரட்டத்தானே செய்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "அவ காகிதத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. வாசிச்சிட்டா போட்டீய?"

இடம் போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுபடியும் பருத்தி, மறுபடியும் தெலுங்குத் திட்டு. பரவாயில்லை, அவள் பக்கத்தில் இரண்டு வருஷம் இல்லாமல் போனதற்கு இதுவாவது ஆகட்டும் என்று நின்றேன்.

"அந்தப் பெட்டியைத் திறங்க" என்றார் டாக்டரம்மா.

மெட்ராஸுக்கு அனுப்புவதற்காகப் புழுக் கண்ணாடிகளை எல்லாம் மைக்ராஸ்கோப்பு அய்யா பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பெருமைக்கு மட்டும் அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வேறு ஒருத்தராக இருந்தால் கழுவிப் போட்டிருப்பார். என்னுடையது போக நாலு கண்ணாடி இருந்தது. ஒவ்வொன்றாகப் பெரிய லென்ஸில் வைத்து எண்ணினோம். முதலாவது ரெண்டரை வட்டம், பஞ்சு. அடுத்தது மூணு வட்டம், அதுவும் பஞ்சு. மூன்றாவது, உள்ளூர் வண்டிக்காரர் ஒருவருடையது, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ராத்திரியில் எடுத்த ரத்தம். சரியாக ஒரு வட்ட அகலம், வழவழவென்று, தலையும் வாலும் அடங்கிய சின்ன உருவம். உண்மையான புழு எப்படி இருக்கும் என்று மைக்ராஸ்கோப்பு அய்யாவும் அன்றைக்குத்தான் நின்று பார்த்தார். நாலாவது கண்ணாடியில் சோழபுரம் என்று எழுதி ஒட்டியிருந்தது.

டாக்டரம்மா எண்ணவில்லை. என்னை எண்ணச் சொன்னார். குனிந்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை, துடைத்துக்கொண்டு பார்த்தேன். குறுக்கே ரெண்டரை வட்டம், ஒரு முறுக்கு, பொறவு இன்னொரு முறுக்கு.

மறுநாள் சோழபுரம் போனேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதம் கையில் இருந்தது. அக்கா தொழுவத்து ஓரத்தில் உட்கார்ந்து வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்னால் நகர்ந்தாள். யார் வந்தாலும் தானே தள்ளி நிற்கப் பழகிவிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை முழுசாக ஆறவில்லை.

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். உட்கார வைத்தேன். அவள் அம்மாவிடம் ஒரு மிளகு வாங்கி வந்து தரையில் வைத்தேன்.

"அக்கா, ரத்தத்துல உள்ள ஒரு வட்டம் இந்த மிளகுன்னு வச்சுக்கோ. அப்படின்னா காய்ச்சக் கிருமி கடுகுல ஒரு துணுக்கு இருக்கும். சீதபேதிக் கிருமி ஒரு கொண்டைக்கடலை. வயித்துப் பூச்சி முட்டை ஒரு நெல்லிக்காய். யானைக்கால் புழு இந்த மிளகு கனத்துல ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. உன் கண்ணாடியில இருந்தது என் விரல் அகலம். நீளத்துக்கு இங்க இருந்து உங்க கிணத்தடி வரைக்கும் போவும். அது புழு இல்ல அக்கா. பஞ்சு. நம்ம ஷெட்டுப் பஞ்சு."

காய்ச்சல், சீதபேதி அளவெல்லாம் டாக்டரம்மாவிடம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை இருந்து கேட்டு வந்தவை. அக்கா மிளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீ ஏன் ஒரு தடவ கூட வரல?" என்று கேட்டாள்.

"பயந்தேன் அக்கா."

"இப்ப புழு இல்லைன்னதும் வந்துட்ட."

அந்த அரிவாள் நாக்குக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் எழுந்து சேலையை உதறினாள். "என் புள்ளை என்னையக் கண்டா ஓடுதுட்டி. பெத்தவளைக் கண்டு ஓடுது. அவுகளுக்குக் காட்ட இந்தக் காகிதம் ஆவும். எனக்கு ஆவாது. எனக்கு அந்தப் புழுவைக் காட்டு."

அடுத்த வண்டிக்கே இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டாக்டரம்மா எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார். தப்பு என்னுடையது என்று வாயைத் திறந்து சொன்னார். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கே போயிற்று. மைக்ராஸ்கோப்பு அய்யா எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் கண்ணாடியை வைத்துப் பெரிய லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நாலு வருஷம் பஞ்சு பொறுக்கிய கண், யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"கம்போடியா" என்றாள்.

அது எந்தப் பஞ்சு என்று லென்ஸில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அவளோடு வாதாட அந்த அறையில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"இதைக் கையில குடு" என்றாள். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். அழுக்குச் சிவப்பாக ஒரு பெருவிரல் தடம் மாதிரி ரத்தக் கறை, அவ்வளவுதான். "எங்க? ஒண்ணையும் காணோமே!" என்றாள். "இதுக்கா? இந்த ஒண்ணுமில்லாததுக்கா என்னைய மாட்டோட கட்டிப் போட்டீய?"

கண்ணாடியைத் தரையில் போட்டுக் காலால் மிதித்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"ஐயோ, ஸ்லைடு!" என்று மைக்ராஸ்கோப்பு அய்யா கத்தினார்.

"என் ரத்தம்தான? நான் என்னமும் செய்வேன்" என்றாள் அக்கா. காலில் ரத்தம் வந்தது. டாக்டரம்மா கட்டுப் போடக் குனிந்ததற்கும் நிற்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, "புள்ளைக்குப் போறேன்" என்று நொண்டிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போனாள். போனாள், மாமியார் வீட்டு வாசலில் நின்று தெருவே கூடும்படி காகிதத்தைப் படிக்க வைத்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். திரும்ப வந்து குடும்பம் நடத்து என்று புருஷன் கூப்பிட்டபோது காறித் துப்பிவிட்டு வந்தாள். அங்கே நான் இல்லை. அம்மா பார்த்துச் சொன்னது.

எனக்கு மிச்சம் இருந்தது உடைந்த கண்ணாடி. பெருக்கி அள்ளினேன். பொருள் ஏதாவது உடைந்தால் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், யார் உடைத்தது, எதனால் என்று. அந்த ஆஸ்பத்திரியில் நான் செய்த முதல் வேலை அதுதான். மைக்ராஸ்கோப்பு அய்யா, "கை தவறி விழுந்ததுன்னு எழுதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். பேனாவை எடுத்து எழுதினேன்: ரத்த ஸ்லைடு ஒன்று. உடைத்தவர், ரத்தத்துக்குச் சொந்தக்காரி. காரணம், அளக்காமல் எழுதியது.

ரிஜிஸ்டரை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி வரைக்கும் வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.